நெட்டைப் பெட்டியும் குட்டை அறையும்

புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் முதல் படி, டவர் ஸ்பீக்கர் அடுத்த படி. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில் ஆர்வம் உள்ளவர்களிடையே இந்த ஏணி கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. தரையிலிருந்து இடுப்பளவோ மார்பளவோ எழுந்து நிற்கும் பெட்டி, அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு, மூன்று வூஃபர்கள். பார்த்த கணமே இதுதான் மேலானது என்று கண் தீர்ப்பு எழுதிவிடுகிறது. கடைக்காரர் அதையே சொல்கிறார். தயாரிப்பாளரின் விலைப்பட்டியலும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஏற்கெனவே டவர் வாங்கிவிட்ட நண்பரும் அதையே சொல்கிறார். காசைக் கொடுத்தபின் அவர் வேறு என்ன சொல்வார்? பெரிய பெட்டியில் பேஸ் ஆழமாக வரும், சத்தம் கூட்டினாலும் திணறாது, விலைக்கேற்ற தரம் இருக்கும், சந்தேகமிருந்தால் கடையில் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இவர்கள் வாதம். ஒவ்வொன்றிலும் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் அந்த உண்மை பதினான்குக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் நுழைந்ததும் வேறொன்றாக மாறிவிடுகிறது.

கூடுதல் காசு எதை வாங்கித் தருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தின் கெஃப் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆர் வரிசை இதற்கு நல்ல உதாரணம். அதில் ஆர்3 புக்ஷெல்ஃப், ஆர்11 டவர். இரண்டுமே நன்கு வடிவமைக்கப்பட்டவை. இரண்டிலும் நடுச்சுரங்களையும் உச்சச்சுரங்களையும் தருவது ஒரே வகை யூனி-கியூ அலகு: ஒரு கூம்பு, அதன் மையத்தில் ட்வீட்டர். ஏறத்தாழ 400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் இந்த அலகின் பொறுப்பு. பாடகரின் உச்சரிப்பு, வயலின் வில்லின் உரசல், வீணையின் மீட்டு, கஞ்சிராவின் சலங்கை எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. வேறுபாடு கீழே இருக்கிறது. ஆர்3இல் ஆறரை அங்குல வூஃபர் ஒன்று, ஆர்11இல் நான்கு. வெளியான காலத்தில் அமெரிக்காவில் முன்னது இணை 2,000 டாலர், பின்னது 5,000 டாலர். இடையிலுள்ள 3,000 டாலரும் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே செலவாகிறது. அதிலும் பெரும்பகுதி கடைசி ஒரு ஸ்தாயியின் ஆழத்துக்கும் சத்தத்தின் உச்சவரம்புக்கும் போகிறது. குரலின் தெளிவு கூடும் என்று நம்பி டவருக்கு மாறுபவர் பெரும்பாலும் அதே குரலைத்தான் இன்னொரு முறை விலை கொடுத்து வாங்குகிறார்.

பேஸுக்காகவே வாங்கினால் என்ன தவறு, பெட்டி பெரிதானால் பேஸ் ஆழமாகும் என்பது பௌதிகம்தானே என்று கேட்கலாம். பௌதிகம் சொல்வது இதைவிடச் சற்று நுட்பமானது. ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்களிடையே ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்று வழங்குகிறது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சக்தியில் நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஸ்பீக்கர் தயாரித்த கே.எல்.எச். நிறுவனப் பெயரின் கடைசி எழுத்து இந்த ஹாஃப்மனுடையது. விதியின் மறுபக்கத்தை எட்கர் வில்ச்சர் 1954இலேயே காட்டிவிட்டார். அவரும் ஹென்றி க்ளாஸும் மாசசூசெட்ஸில் தொடங்கிய அகவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் ஏ.ஆர்.-1, காற்றுப் புகாத சிறு பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே வூஃபருக்கு ஸ்பிரிங்காக வேலை செய்தது. அதுவரை பீரோ அளவுப் பெட்டிகளிடம் மட்டும் எதிர்பார்க்கப்பட்ட பேஸ் அதிலிருந்து வந்தது. விட்டுக்கொடுத்தது சத்தத் திறனை; அதை ஓட்டப் பலமான ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருந்தது. அன்று ஒவ்வொரு வாட்டும் வால்வும் மின்மாற்றியுமாகக் காசைத் தின்றது. இன்று 100 வாட் ஆம்ப்ளிஃபயர் உள்ளங்கையில் அடங்குகிறது. பெரிய பெட்டி மிச்சப்படுத்தித் தந்த பொருள் மலிந்துபோன பிறகும், பெரிய பெட்டியின் மேலிருந்த மரியாதை மட்டும் குறையவில்லை.

அதோடு, இன்றைய டவர் நெட்டையானதே தவிரப் பெரியதல்ல. வரவேற்பறையில் அழகாக நிற்கவேண்டும் என்பதற்காக அதன் முகம் எட்டு, ஒன்பது அங்குல அகலத்துக்கு ஒடுங்கிவிட்டது. அந்த அகலத்துக்குள் ஆறரை அங்குல வூஃபரைத்தான் வைக்க முடியும். அப்படிப்பட்ட இரண்டு கூம்புகளின் பரப்பு சேர்ந்தாலும் ஏறத்தாழ 270 சதுர சென்டிமீட்டர். பேஸுக்கென்றே தனிப்பெட்டியாக வரும் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் ஒன்றின் கூம்பு 480 சதுர சென்டிமீட்டரைத் தொடும், முன்னும் பின்னும் நகரும் தூரமும் அதற்கு அதிகம். ஒரே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கித் தரவேண்டுமானால் நான்கு மடங்கு காற்றைத் தள்ளவேண்டும். 80 ஹெர்ட்ஸில் சிரமமின்றிப் பாடும் கூம்பு, 40 ஹெர்ட்ஸில் அதே சத்தத்துக்கு நான்கு மடங்கும் 20 ஹெர்ட்ஸில் பதினாறு மடங்கும் உழைக்கவேண்டும். ஒல்லி டவர் இந்தக் கணக்கில் புக்ஷெல்ஃபை வெல்கிறது. தரையில் மூலையில் கிடக்கும் கனசதுரப் பெட்டியிடம் தோற்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் அறை. ஸ்பீக்கரைப் பற்றிய பேச்சில் மிகக் குறைவாக இடம்பெறுவதும் அதுதான். ஜெர்மானிய இயற்பியலாளர் மன்ஃபிரெட் ஷ்ரோடர் 1950களிலேயே ஒரு எல்லைக்கோட்டைக் காட்டினார். ஓர் அறையில் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலே ஒலி கதிர்களைப் போலச் சிதறிப் பரவுகிறது. கீழே அறை ஓர் இசைக்கருவியைப் போலத் தனக்கே உரிய சுரங்களில் ஒத்ததிர்கிறது. எதிர்முழக்க நேரத்தை விநாடியிலும் அறையின் கொள்ளளவைக் கன மீட்டரிலும் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2,000ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 48 கன மீட்டர். டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவருமாக எதிர்முழக்கம் 0.6 விநாடி என்று கொண்டால் எல்லை 225 ஹெர்ட்ஸ் அருகே வரும். அதற்குக் கீழே கேட்பவர் கேட்பது ஸ்பீக்கரை அல்ல. ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து செய்யும் கூட்டுக் கச்சேரியை. டவருக்காகக் கொடுத்த கூடுதல் பணத்தில் பெரும்பகுதி இந்தக் கோட்டுக்குக் கீழேதான் வேலை செய்கிறது.

அந்த அறையின் சொந்தச் சுரங்களைக் கணக்கிடுவது எளிது. ஒலியின் வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். பதினான்கு அடிக்கு 40 ஹெர்ட்ஸ், பன்னிரண்டு அடிக்கு 47, கூரை உயரத்துக்கு 57. இவற்றின் மடங்குகளும் கூட்டுகளும் மேலே தொடரும். இந்தச் சுரங்களில் அறை சில இடங்களில் ஒலியை ஊதிப் பெருக்கும், சில இடங்களில் விழுங்கிவிடும். சிறிய அறையில் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே 15, 20 டெசிபல் வேறுபாடு சாதாரணம். அறையின் நீளவாக்கில் சரிநடுவில் உட்கார்ந்தவருக்கு 40 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். அதே நேரத்தில் சுவரில் சாய்ந்தவருக்கு அது நெஞ்சை முட்டும். சோபா எப்போதும் சுவரை ஒட்டியே கிடக்கும் வீட்டில், கேட்பவர் ஒத்ததிர்வுகளின் உச்சத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். 50 ஹெர்ட்ஸ் அருகிலேயே சரியத் தொடங்கும் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் இந்த வலையின் கீழ்க்கண்ணியில் சிக்காமல் தப்பிவிடுகிறது. 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் டவர் நேராக அதில் விழுகிறது. பழைய ஸ்பீக்கரில் இல்லாத ஒரு 'கும்' சத்தம் புதிய ஸ்பீக்கரில் வருவதும், மிருதங்கத்தின் இடந்தலையும் பேஸ் கிட்டாரும் ஒரே சுரத்தில் உறுமுவதும் இதனால்தான். வாங்கியவர் ஆம்ப்ளிஃபயர் பொருந்தவில்லை என்று முடிவுகட்டி அதையும் மாற்றுகிறார்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டு வீட்டுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து வந்தவை. அங்குள்ள சாதாரண வீட்டின் உள்சுவர் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. தட்டினால் அதிரும். பேஸ் அதன்மேல் மோதும்போது பலகை நெகிழ்ந்து ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. 125 ஹெர்ட்ஸில் அதன் உறிஞ்சுதிறன் ஏறத்தாழ 0.3 என்று பாடநூல் அட்டவணைகள் தருகின்றன. பூசி வண்ணமடித்த செங்கற்சுவருக்கு அதே இடத்தில் 0.01. ஒன்பது அங்குலச் செங்கல்லும் கான்கிரீட் கூரையும் ஏறத்தாழ எதையும் விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே அதே நீளமும் அகலமும் கொண்ட அறையில்கூட நம்மூர் ஒத்ததிர்வு கூர்மையாக எழும், நெடுநேரம் நீடிக்கும். ஆஸ்டினிலோ டென்வரிலோ இறுக்கமாக ஒலித்ததாகப் படித்த டவர், மாம்பலத்து அடுக்ககத்தில் சேறாக ஒலிப்பதில் வியப்பில்லை. அங்கே அரைக்கூலி வாங்காமல் சுவர் செய்த வேலையை இங்கே செய்ய ஆள் இல்லை.

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இழுத்து வைத்தால் தீரும் என்பார்கள். பாதிதான் தீரும். பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, வூஃபருக்கும் சுவருக்கும் உள்ள தூரம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும் அதிர்வெண்ணில் நேர் ஒலியை அழிக்கும். இரண்டடித் தூரத்தில் அது 140 ஹெர்ட்ஸ் அருகே, மூன்றடியில் 94 அருகே. ஆண் குரலின் மார்பும் தம்புராவின் அடிச்சுரமும் வாழும் பகுதி அது. மேலும், மூன்றடி இழுத்து வைத்த டவரைச் சுற்றி வீட்டார் நடமாட வேண்டும். ஒரு வாரத்தில் அது மீண்டும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பின்பக்கத் துளையிலிருந்து வரும் பேஸ் சுவரில் மோதி இன்னும் வீங்கும். டவர் தயாரிப்பாளர்கள் பலர் பெட்டிக்குள் ஒரு ஜோடி நுரைத் தக்கையும் போட்டு அனுப்புகிறார்கள், அந்தத் துளையை அடைத்துக்கொள்வதற்கு. பேஸுக்காகக் கூடுதல் விலை கொடுத்துவிட்டு, அந்தப் பேஸைத் தக்கையால் அடைத்து வாழ்வதை மேம்பாடு என்று அழைப்பதற்கு நல்ல மனது வேண்டும்.

கேட்கப்படும் இசைக்கு அந்த ஆழம் தேவையா என்பதையும் பார்க்கலாம். ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகரின் ஆதார சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர சட்ஜம் 65. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு அவை 196, 98. கர்நாடக இசைக் கச்சேரி ஒன்றில் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுரம் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவும் இல்லை. மேடையில் கால் படும் சத்தமும் மைக்கைத் தொடும் சத்தமும்தான் இருக்கும். பழைய திரைப்பாடல்கள் ஒளித்தடத்தில் பதிவாகி, இரு முனையிலும் கத்தரிக்கப்பட்டு வந்தவை. அவற்றுக்குள் இல்லாத பேஸை எந்தப் பெட்டியும் தோண்டி எடுக்காது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனிப்பாத்திரமாகவே நடமாடுகிறது என்பது உண்மை. அதன் தடித்த தந்தியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். ஆனால் அந்த நடையின் சுவை பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள மேற்சுரங்களில் இருக்கிறது. தந்தியைத் தட்டும் விரலின் கூர்மை இன்னும் மேலே. சிறிய ரேடியோவிலும் அந்த பேஸ் நடையை அடையாளம் கண்டு முணுமுணுக்க முடிந்ததற்குக் காரணம் அதுதான். கீழே இறங்கவேண்டியது உண்மையாகவே தேவைப்படுவது மின்னணு இசைக்கும், பைப் ஆர்கனுக்கும், திரைப்படத்தின் வெடிச்சத்தத்துக்கும்.

திரைப்படம் பார்ப்பவருக்கு இன்னொரு முரண் காத்திருக்கிறது. ஹோம் தியேட்டரில் சப்வூஃபர் எப்படியும் இருக்கும். டி.எச்.எக்ஸ். வழக்கப்படி 80 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் வைத்தால், அதற்குக் கீழுள்ளது முழுவதும் சப்வூஃபருக்குப் போய்விடும். முன்னால் கம்பீரமாக நிற்கும் டவர்கள் 80க்கு மேலே மட்டும் பாடும். அதை நல்ல புக்ஷெல்ஃபும் பாடும். ரிசீவரின் அமைப்பில் ஸ்பீக்கர் பெரியதா சிறியதா என்று ஒரு கேள்வி வரும். டவர் உரிமையாளருக்குச் 'சிறியது' என்பதை அழுத்த மனம் வராது. பெரியது என்று போட்டுவிட்டு, மோசமான இடத்திலிருந்து வரும் பேஸையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

சத்தத்தைப் பற்றிய வாதத்தைச் சுருக்கமாகவே முடிக்கலாம், ஏனெனில் அது கூட்டல் கணக்கு. 87 டெசிபல் உணர்திறன் என்றால் ஒரு வாட்டில் ஒரு மீட்டரில் 87 டெசிபல். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 9.5 குறையும்; இரண்டு ஸ்பீக்கர் பாடுவதால் 3 கூடும்; அறையின் எதிரொலியால் இன்னும் 2, 3 கூடும். ஆக ஒரு வாட்டில் 83 அருகே. வீட்டில் பாட்டுக் கேட்கும் சராசரி அளவு 75 டெசிபல் என்று கொண்டு, இசையின் திடீர் உச்சங்களுக்கு மேலும் 20 ஒதுக்கினால் 95 டெசிபல் வேண்டும். மூன்று டெசிபலுக்கு ஒரு முறை சக்தி இரட்டிப்பதால், 16 வாட்டில் அது கைகூடும். 50 வாட் ஆம்ப்ளிஃபயரும் நடுத்தர புக்ஷெல்ஃபும் பக்கத்து வீட்டாரைக் கதவைத் தட்ட வைக்கப் போதும். டவரின் விளம்பரத்தில் உள்ள 90, 92 டெசிபலைப் படிக்கும்போது அருகிலேயே சிறிய எழுத்தில் 4 ஓம் என்று இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அளவீடு வழக்கமாக 2.83 வோல்ட்டில் செய்யப்படுகிறது. 8 ஓமில் அது ஒரு வாட், 4 ஓமில் இரண்டு வாட். இரண்டு வாட் கொடுத்து வாங்கிய மூன்று டெசிபலுக்குப் பெயர் உணர்திறன் அல்ல.

அந்த மூன்று டெசிபல்தான் கடையில் வேலை செய்கிறது. தயாரிப்பாளர் கணக்கிலேயே ஆர்3இன் உணர்திறன் 87, ஆர்11இன் உணர்திறன் 90. ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் தொடாமல் இங்கிருந்து அங்கே மாற்றினால் டவர் சத்தமாக ஒலிக்கும். ஒரே பாட்டு இரு அளவில் ஒலித்தால், சற்றுச் சத்தமானதைத் தெளிவானது, முழுமையானது, உயிருள்ளது என்று காது சொல்லும். ஒரு டெசிபல் வேறுபாடே இதற்குப் போதும்; அந்த அளவில் சத்தம் கூடியது என்றே தோன்றாது, தரம் கூடியது என்றுதான் தோன்றும். இதற்கு மேல் கடையின் கேட்பறை பெரியது, கம்பளம் விரித்தது, சுவரில் நுரைப்பலகை அடித்தது. டவர் அங்கே பின்சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி நிற்கிறது. புக்ஷெல்ஃபோ அலமாரியில் பத்து ஸ்பீக்கர்களுக்கு நடுவே செருகப்பட்டிருக்கிறது. இந்தப் போட்டியில் யார் வெல்வார் என்பது காசோலை எழுதுவதற்கு முன்பே முடிவானது.

கண்ணின் பங்கு இன்னும் பெரியது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஒட்டாவாவில் ஆண்டுக்கணக்கில் ஸ்பீக்கர்களை அளந்தும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கவைத்தும் ஆராய்ந்த ஃப்ளாய்ட் டூல், 1991இல் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார். 1994இல் அவரும் சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வில் நாற்பது பேர், எல்லாரும் அந்த நிறுவனத்து ஊழியர்கள், ஒரே ஸ்பீக்கர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டும் ஒருமுறை பார்க்காமலும் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். திரை விலகியதும் பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. சிறிய, மலிவான அமைப்பின் மதிப்பெண் சரிந்தது. ஸ்பீக்கரின் இடத்தை மாற்றியபோது ஒலியில் நேர்ந்த மாற்றத்தை, கண் திறந்திருந்தவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தவே இல்லை. ஹார்மன் தானே டவர் விற்கும் நிறுவனம் என்பதையும் குறித்துக்கொள்ளலாம். இந்த முடிவு அவர்கள் வியாபாரத்துக்குச் சாதகமானதல்ல.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும், அளவீட்டால் அதைப் பிடிக்க முடியாது என்பது மறுதரப்பின் கடைசி அரண். ஆலிவ் 2003இல் 268 பேரைக் கேட்கவைத்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர், பெறாதவர், விற்பனையாளர், மாணவர் என்று பலதரப்பட்டவர்கள். திரைக்குப் பின்னால் வைத்தபோது எந்த ஸ்பீக்கர் முதலிடம், எது கடைசி என்பதில் எல்லாக் குழுக்களும் ஒத்துப்போயின. பயிற்சி உள்ளவர்கள் கறாராகவும் தடுமாறாமலும் மதிப்பெண் போட்டார்கள் என்பதே வேறுபாடு. அடுத்த ஆண்டு 70 ஸ்பீக்கர்களின் அளவீட்டு வரைகோடுகளிலிருந்து, கேட்பவர் தரும் மதிப்பெண்ணைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றை அவர் வகுத்தார்; கணிப்புக்கும் தீர்ப்புக்கும் இடையிலான ஒட்டுறவு 0.86. நேர்முகத்தில் சமமான வரைகோடு, பக்கவாட்டில் குழப்பமின்றிப் படிப்படியாகச் சரியும் வரைகோடு: மக்கள் விரும்புவது இதைத்தான். பெட்டியின் உயரம் சூத்திரத்தில் எங்கும் இல்லை.

டவர் ஆதரவாளர் இந்த ஆய்வை நன்கு படித்தவராக இருந்தால் இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழுப்புவார். அதே சூத்திரத்தில் பேஸ் எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கு ஏறத்தாழ 30 சதவீத எடை உண்டு. அப்படியானால் டவர்தானே வெல்லவேண்டும்? பேஸின் ஆழம் வெல்லவேண்டும் என்பதுதான் அதன் பொருள். அந்த ஆழம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பதைச் சூத்திரம் கேட்பதில்லை. சமமான வரைகோடு உடைய புக்ஷெல்ஃபோடு நல்ல சப்வூஃபரைச் சேர்த்தால் அந்த 30 சதவீதமும் கணக்கில் ஏறிவிடும், டவருக்கு எட்டாத ஆழத்தோடு.

சப்வூஃபர் சினிமாவுக்கு ஆகும், இசைக்கு ஆகாது என்ற பேச்சு, பெரும்பாலும் சத்தத்தைக் கூட்டி மூலையில் தள்ளிவைத்த மலிவுச் சப்வூஃபரைக் கேட்டதால் பிறந்தது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே பேஸ் தரும் பெட்டியை எங்கே வைத்தாலும் குரல் தன் இடத்திலேயே நிற்கும். டவரின் அடிப்படைக் குறை இதோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் புலப்படும். பாடகர் நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் என்று மேடை கண்முன் விரிய ஸ்பீக்கர் நிற்கவேண்டிய இடம் ஒன்று. அறையின் ஒத்ததிர்வைக் கிளறாமல் பேஸ் தர நிற்கவேண்டிய இடம் வேறொன்று. இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். டவர் இரண்டையும் ஒரே பெட்டியில் ஆணியடித்து வைத்திருக்கிறது. ஒன்றைச் சரிசெய்ய நகர்த்தினால் மற்றது கெடும். தனிப் பேஸ் பெட்டி இந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஹார்மனின் டாட் வெல்ட்டி 2002இல் செவ்வக அறைகளுக்குச் செய்த கணக்கு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு சப்வூஃபர்களை வைத்தாலே பல இருக்கைகளிலும் பேஸ் ஒரே சீராகிவிடும். ஒன்றின் ஒத்ததிர்வை மற்றது தணிக்கும். டவருக்கு மாற ஒதுக்கிய தொகையில் இரண்டு நடுத்தரச் சப்வூஃபர்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அவற்றைச் சீராகப் பொருத்தக் கொஞ்சம் பொறுமை வேண்டும். சப்வூஃபரின் அலையும் ஸ்பீக்கரின் அலையும் கிராஸ்ஓவர் இடத்தில் சேர்ந்து வரவேண்டும், அளவு ஒத்துப்போகவேண்டும். டவரை வாங்கி நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்ற சௌகரியம் இங்கே இல்லை.

டவர் பொருந்தும் வீடுகளும் உண்டு. வரவேற்பறையும் சாப்பாட்டறையும் தடுப்பின்றி ஒன்றாகி முப்பதடி நீளும் வீடு, மாடிவரை திறந்த கூடம், நான்கு மீட்டருக்கு அப்பால் இருக்கை, சிம்ஃபொனியை அரங்கத்துச் சத்தத்தில் கேட்கும் பழக்கம் ஆகியவை இருந்தால் கூம்புப் பரப்பு உண்மையாகவே தேவைப்படும். சிறிய வூஃபர் அங்கே மூச்சுத் திணறிச் சிதைவைக் கூட்டும். தரைக்கு அருகில் ஒன்றும் மேலே ஒன்றுமாக வூஃபர்கள் பிரிந்திருப்பதால், தரையில் பட்டு வரும் ஒலியால் விழும் பள்ளம் சற்று நிரம்பும் என்பதும் உண்மை. ராய் ஆலிசன் 1974இல் அறையின் எல்லைகள் ஸ்பீக்கரைப் பாதிக்கும் விதத்தை விளக்கியதிலிருந்து வடிவமைப்பாளர்கள் இதைக் கையாண்டு வருகிறார்கள். புக்ஷெல்ஃபுக்கு நல்ல ஸ்டாண்டு வாங்கினால் அது அடைக்கும் தரையும் டவர் அடைக்கும் தரையும் ஒன்றுதான், ஸ்டாண்டுக்கும் காசு ஆகும். கூடுதலாக ஒரு சப்வூஃபர் பெட்டிக்கு வீட்டில் அனுமதி கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். இந்தக் காரணங்களில் ஒன்றை முன்வைத்து டவர் வாங்குபவர் சரியாகவே வாங்குகிறார். ஏணியில் அடுத்த படி என்பதற்காக வாங்குபவரைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

செலவின் வரிசை அறையிலிருந்து தொடங்கவேண்டும். யூ.எஸ்.பி. அளவீட்டு மைக் ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசர்ட் மென்பொருளும் இருந்தால், இருக்கையில் மைக்கை வைத்து, இப்போதுள்ள ஸ்பீக்கரின் வரைகோட்டை ஒரு பிற்பகலில் எடுத்துவிடலாம். சோபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே இழுத்து மறுபடி எடுத்தால், 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை கோடு வேறு உருவம் கொண்டிருப்பது தெரியும். எந்த ஸ்பீக்கரை மாற்றினாலும் இவ்வளவு பெரிய மாற்றம் கிடைப்பது அரிது. தரையில் கனத்த ஜமக்காளம், எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலுக்கு மடிப்பு வைத்த தடித்த திரை ஆகியவை மேல் அதிர்வெண்களின் கூச்சலை அடக்கும்; பேஸுக்கு அவை போதாது. பேஸின் உச்சங்களை ஈக்வலைசரால் வெட்டலாம். பள்ளங்களை நிரப்ப முயலக்கூடாது: அறை அழிக்கும் ஒலியை எவ்வளவு ஊற்றினாலும் அழித்துக்கொண்டே இருக்கும், ஆம்ப்ளிஃபயர்தான் சூடாகும். கேபிளுக்கு மின்சாமான் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். ஐந்து மீட்டர் போய்வர அதன் தடை 0.07 ஓம், 8 ஓம் ஸ்பீக்கரின் எதிரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்பீக்கர் மாற்றவேண்டும் என்று தோன்றினால், விவரக்குறிப்பில் எத்தனை வூஃபர் என்பதைவிட சி.டி.ஏ.-2034 முறையில் எடுத்த அளவீடு கிடைக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். ஸ்பீக்கரைச் சுற்றிக் கிடையாகவும் செங்குத்தாகவும் 10 பாகைக்கு ஒருமுறை, மொத்தம் 70 திசைகளில் எடுத்த வரைகோடுகளைத் தொகுத்து, நேர் ஒலி, பக்கச் சுவரில் பட்டு வரும் ஒலி, அறை முழுதும் பரவும் ஒலி என்று அது பிரித்துக் காட்டுகிறது. ஒரே வரிசையின் டவரும் புக்ஷெல்ஃபும் 400 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், மேலே சொன்ன கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கத் தரும் விற்பனையாளரிடம் இரண்டையும் வாங்கி வந்து, கைப்பேசியிலுள்ள ஒலிமானியால் அரை டெசிபலுக்குள் சத்தத்தைச் சமன்செய்து, எது எது என்று அறியாத ஒருவரைக் கேட்கவைக்கலாம். ஸ்பீக்கர்களை மறைக்க மெல்லிய பருத்தி வேட்டி ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் போதும். ஒலி அதனூடே பெரிய தடையின்றி வந்துவிடும்.